டீச்சரின் பக்கத்தில் ஒருவர்

(மைசூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆட்டிசம் பற்றிய கூட்டம் என்றால் பெரும்பாலும் மருத்துவரைத்தான் பேச அழைப்பார்கள். அறிகுறி, சோதனை, சான்றிதழ், தெரபி என்று பேச்சு போகும். இவையெல்லாம் முடிந்த பிறகு ஒரு காலை வேளை இருக்கிறது. நான் அதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஓர் அங்கன்வாடி, பத்து மணி. இருபது பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை மட்டும் ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டு நிற்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. பாட்டு தொடங்கினால் காதைப் பொத்திக்கொள்கிறது. தான் வரிசையாக அடுக்கிய கட்டையைப் பக்கத்துப் பையன் தொட்டுவிட்டால் அலறுகிறது. அறையில் பெரியவர்கள் இரண்டே பேர்: ஒரு டீச்சர், ஓர் உதவியாளர். அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்வது என்பதை அந்த டீச்சருக்கு யார், எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள்? இன்று என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்விதான்.

இதைக் கேட்க மைசூரைப் போல் பொருத்தமான ஊர் அதிகமில்லை. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 இடங்களில் சோதனையாகத் தொடங்கியது. அப்போது கர்நாடகத்தில் தேர்வான இடம் நம் மாவட்டத்து டி. நரசிபுரம். காவிரியும் கபினியும் கூடும் ஊர். தலைக்காட்டுக்குப் போகிறவர்கள் கடந்துபோகும் ஊர். இன்று இந்த மாநிலத்தில் இருக்கும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகளுக்கு அதுதான் தாய்வீடு. இன்னொரு பக்கம் இந்த ஊரின் மானசகங்கோத்ரிப் பகுதியைப் பாருங்கள். தென் மாநிலங்களுக்கு ஆசிரியர்களை உருவாக்கும் மண்டலக் கல்வி நிறுவனம் 1963-இல் வந்தது. அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் 1965-இல் தொடங்கியது. அதன் கட்டடத்துக்கு அடுத்த ஆண்டு அடிக்கல் நாட்டியவர், ஒரு காலத்தில் இதே ஊரில் தத்துவம் கற்பித்த ராதாகிருஷ்ணன். 1969-இல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம். செம்மொழித் தமிழாய்வு நிறுவனம் சென்னைக்குப் போகுமுன் வேர்விட்டது அங்கேதான் என்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

ஆசிரியப் பயிற்சி, பேச்சுச் சிகிச்சை, மொழியாய்வு மூன்றும் ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து டி. நரசிபுரத்துப் பாய்க்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். பேச்சு, செவிப்புலன் நிறுவனம் கிராமங்களில் முகாம் நடத்துகிறது, தன் பாலர் வகுப்புகளில் தாய்மாரையும் கூட உட்காரவைத்துக் கற்பிக்கிறது; அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனாலும் பிள்ளை திரும்பிப் போய் உட்காரும் சாதாரண வகுப்பின் டீச்சரிடம் இந்த அறிவு போய்ச் சேரும் வழி இன்னும் ஒற்றையடிப் பாதையாகத்தான் இருக்கிறது.

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைகள் இருந்தன, ஆட்டிசம் இல்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அந்தப் பெயர் நுழைந்தது. 2016-இன் சட்டம் பட்டியலை 21 ஆக்கி, ஆட்டிசத்தையும் அதில் சேர்த்தது. 2023 நவம்பரில் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. வித்தியாசத்தைச் சீக்கிரம் கண்டுகொள்ளுங்கள், குழந்தையையும் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தேவையான இடத்துக்கு அனுப்புங்கள் என்று மூன்று படிகள். நல்ல ஆவணம். கண்டுகொள்வதையும் அனுப்புவதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். நடுவில் உள்ள அந்தச் சேர்த்துக்கொள்ளும் படியைத் தாளில் கொடுக்க முடியாது. அது கையாலும் உடம்பாலும் கற்க வேண்டிய வேலை.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு வயதுக் குழந்தை வீதியில் மாட்டைப் பார்த்ததும் விரலை நீட்டும். உடனே திரும்பி அம்மா முகத்தைப் பார்க்கும், அம்மாவும் பார்க்கிறாளா என்று. இரண்டு பேரின் கவனமும் ஒரே பொருளில் சந்திப்பதைக் கூட்டுக் கவனம் என்கிறோம். பேச்சு, விளையாட்டு, நட்பு எல்லாம் இதன்மேல் எழுகின்றன. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளிடம் இது தாமதமாக வரும், அல்லது நமக்குப் பழக்கமில்லாத வடிவத்தில் வரும். அமெரிக்காவில் கான்னி கசாரியும் குழுவினரும் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் 58 பேரிடம் செய்த ஆய்வு 2006-இல் வெளியானது. நாளுக்கு அரைமணி நேரம், ஐந்தாறு வாரம். சிலருக்குக் கூட்டுக் கவனத்தையும் சிலருக்குப் பாவனை விளையாட்டையும் குறிவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அப்படிப் பயிற்சி பெற்றவர்கள் அதே இடத்தில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அந்தத் திறன்களில் முன்னேறினார்கள். பின்னர் இந்த முறையை ஆராய்ச்சியாளர் கையிலிருந்து பாலர் பள்ளி ஆசிரியர் கைக்கு மாற்றிப் பார்த்தார்கள். ஆசிரியர்களாலும் முடிந்தது.

இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பெங்களூர் சாலையில் வாங்கும் சென்னபட்டணத்துப் பம்பரம் ஒன்று போதும். டீச்சர் குழந்தையின் எதிரே, அதன் முகத்துக்குச் சமமான உயரத்தில் தரையில் உட்கார்கிறார். பம்பரத்தைச் சுற்றிவிடுகிறார். அது சாய்ந்து விழுகிறது. டீச்சர் அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். "சொல்லு, சொல்லு" என்று அவசரப்படுத்துவதில்லை. மனதுக்குள் பத்து வரை எண்ணுகிறார். குழந்தையின் கை மெல்ல அவர் கைமேல் வருகிறது. அதுதான் கேள்வி. அதற்கு உடனே பதில் வேண்டும்: "சுத்தணுமா? சுத்து!" பம்பரம் மறுபடி சுற்றுகிறது. இரண்டு வாரம் கழித்துப் பம்பரத்தைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறார். இப்போது கை நீள வேண்டியது டீச்சரிடம் இல்லை, தன் வயதுள்ள இன்னொரு பிள்ளையிடம்.

இதில் டீச்சர் கற்க வேண்டிய மிகக் கடினமான பாடம் அந்தப் பத்து எண்ணிக்கைதான். நாம் ஆசிரியர்கள், அமைதியைக் கண்டால் உடனே பேச்சால் நிரப்பிவிடுவோம். ஒரு கேள்வியை மூன்று விதமாகக் கேட்டு, பதிலையும் நாமே சொல்லி, கையையும் தட்டிவிடுவோம். காத்திருக்கச் சொல்லி ஆயிரம் கைப்பிரதி கொடுத்தாலும் காத்திருக்க வராது. செய்யும்போது பக்கத்தில் ஒருவர் இருந்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், இதோ கை வருகிறது பாருங்கள்" என்று சொல்ல வேண்டும்.

வகுப்பின் சாதாரண நேரங்கள் எல்லாமே இதற்கு இடம் தரும். மதியச் சாப்பாட்டில் தட்டு நிறையப் போடாமல் ஒரு கரண்டி போட்டு நிறுத்தினால், கேட்பதற்கு ஒரு காரணம் பிறக்கும். கை கழுவும் வரிசையில் முறைக்காகக் காத்திருக்கப் பழகலாம். தரையில் பாதம் வரைந்து வைத்தால் எங்கே நிற்பது என்று சொல்லாமலே தெரியும். தெரிந்த பாட்டில் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு நிறுத்தினால், அதுவரை பேசாத பிள்ளை அந்தச் சொல்லைப் போட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பாட்டுச் சத்தம் தாங்காத பிள்ளையைக் கதவோரம் உட்காரவைத்துவிட்டு, மற்றவர்களை மெல்லப் பாடச் சொல்லலாம். கட்டையை வரிசையாக அடுக்குகிற பிள்ளையிடம் அதைத் தடுக்காமல் நாமும் பக்கத்தில் ஒரு வரிசை அடுக்கி, கடைசியில் ஒரு கட்டையைப் பாலமாகத் திருப்பி வைத்தால், அது நம்மை நிமிர்ந்து பார்க்கும். சில நாள் பார்க்காது. மறுநாளும் வைக்க வேண்டும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சமூகத் திறன் என்றதும் பல பயிற்சிகளில் முதலில் வருவது "கண்ணைப் பார்" என்ற கட்டளை. தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்புகிறார்கள். இது வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பிறர் கண்ணைப் பார்ப்பது தங்களுக்கு வேதனையானது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். பார்க்காமலே கேட்கும் பிள்ளை உண்டு. பக்கவாட்டில் பார்த்து எல்லாவற்றையும் கவனிக்கும் பிள்ளை உண்டு. இங்கிலாந்துச் சமூகவியலாளர் டேமியன் மில்டன் தாமே ஆட்டிசம் உள்ளவர். 2012-இல் அவர் முன்வைத்த வாதம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: புரியாமை இரு பக்கமும் இருக்கிறது, அவர்களுக்கு நம்மைப் புரியாத அளவுக்கு நமக்கும் அவர்களைப் புரிவதில்லை. அப்படியானால் ஒரு பக்கத்துக்கு மட்டும் பயிற்சி கொடுப்பது என்ன நியாயம்? அந்தப் பிள்ளையின் கை நீண்டால் அது ஒரு கேள்வி என்று மற்றப் பத்தொன்பது பிள்ளைகளுக்கும் சொல்லித்தர வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைகள் இதை நம்மைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள்.

இந்த எண்ணத்தின்மேல் ஒரு வகுப்பையே கட்டியவர் பிலிப் ஸ்ட்ரெய்ன். 1981-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் தொடங்கிய லீப் என்ற பாலர் பள்ளி முறையில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் மற்றவர்களும் ஒரே வகுப்பில் இருந்தார்கள். தோழனைக் கூப்பிடுவது, பொருளை நீட்டுவது, பதில் வராவிட்டால் திரும்பவும் முயல்வது என்று மற்றப் பிள்ளைகளுக்கே முறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து ஸ்ட்ரெய்னும் இணை ஆய்வாளர் போவியும் இதைப் பெரிய அளவில் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். அந்தச் சோதனையின் அமைப்பை ஒவ்வொரு கல்வி அதிகாரியும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

28 வகுப்புகளின் ஆசிரியர்களுக்கு இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்றுநர் வகுப்புக்கே வந்து, பார்த்து, செய்து காட்டி, செய்யவைத்து, திருத்தினார். இன்னொரு 28 வகுப்புகளுக்குக் கையேடுகளும் எழுத்துப் பொருள்களும் மட்டும் கொடுத்தார்கள். இரண்டிலும் பாடம் ஒன்றே, முறை ஒன்றே. இரண்டு ஆண்டு முடிவில் முதல் பிரிவு வகுப்புகளில் முறை பெரும்பாலும் உயிரோடு நடந்துகொண்டிருந்தது; கையேடு மட்டும் பெற்ற வகுப்புகளில் அதில் பாதிகூட நடக்கவில்லை. முதல் பிரிவுப் பிள்ளைகளே அறிவிலும் மொழியிலும் சமூக உறவிலும் முன்னே நின்றார்கள்.

நம் பயிற்சிகள் எப்படி நடக்கின்றன? ஒரு மண்டபம், ஒரு புரொஜெக்டர், நூறு நாற்காலி, மதியம் சாப்பாடு, மாலை கையெழுத்து, கையில் ஒரு கையேடு. அந்த இரண்டாம் பிரிவு ஆசிரியர்களுக்குக் கிடைத்ததைத்தான் நாம் நம் டீச்சர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பிறகு, "எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் இவர்கள் மாறுவதில்லை" என்று குறை சொல்கிறோம். இது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

அமெரிக்காவில் பணம் இருக்கிறது, இங்கே எப்படி முடியும் என்று கேட்பீர்கள். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்த ஒரு சோதனை இதற்குப் பதில். இங்கிலாந்தில் நிபுணர்கள் செய்துவந்த ஒரு சிகிச்சையை நம் பக்கத்துக்கு ஏற்றபடி மாற்றி, நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கோவாவின் சங்காத் அமைப்பு இதில் பங்கெடுத்தது. அந்தப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, பிறகு பெற்றோரோடு உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். "இந்த இடத்தில் நிறுத்துங்கள், இங்கே பிள்ளை என்ன செய்தது?" என்று பார்க்கும் வேலை. 65 குழந்தைகள் பங்கெடுத்த இந்தச் சோதனையின் முடிவுகள் 2016-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்தன. பிள்ளையின் போக்குக்கு இசைந்து பேசுவது பெற்றோரிடம் கூடியது. பிள்ளை தானாகப் பேச்சைத் தொடங்குவதும் கூடியது. இருவரும் ஒன்றாகக் கவனிக்கும் நேரம் மட்டும் குறைந்தது. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். எல்லாம் ஒரே பயிற்சியில் சரியாகிவிடும் என்று நினைக்காமல் இருக்க அந்த வரி நமக்குத் தேவை. ஆனால் பட்டம் இல்லாதவர் கையாலும் இது நடக்கும் என்பது நம் மண்ணிலேயே தெரிந்துவிட்டது.

இந்த ஊருக்கே உரிய ஒரு சிக்கலுக்கு வருகிறேன். இங்கே பல வீடுகளில் தமிழ், உருது, தெலுங்கு, மலையாளம், அங்கன்வாடியில் கன்னடம், மாமன் வீட்டு ஆசைக்கு ஆங்கிலம். பிள்ளைக்குப் பேச்சு தாமதம் என்றதும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "ஒரே மொழி பேசுங்கள், குழப்பாதீர்கள்." அம்மா தமிழை விட்டுவிட்டுத் தனக்கே தடுமாறும் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பிள்ளையிடம் பேசத் தொடங்குகிறாள். வாக்கியம் சுருங்குகிறது, தாலாட்டு நிற்கிறது, பாட்டி வாயடைத்துப் போகிறாள். இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் அதனால் பின்தங்குவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கூட்டுக் கவனம் பிறப்பது அம்மாவுக்கு இயல்பாக வரும் மொழியில்தான். ஆகவே டீச்சருக்கான பயிற்சியில் இதுவும் இருக்க வேண்டும்: பிள்ளையின் வீட்டுச் சொற்களில் இருபதையாவது டீச்சர் தெரிந்து வைத்துக்கொள்வது. பிள்ளை "தண்ணி" என்றால் அதைக் கேட்டுக்கொண்டு தண்ணீர் கொடுத்து, "நீரு" என்று தன் மொழியையும் பக்கத்தில் வைப்பது. சொல் வராத பிள்ளைக்குப் படம் காட்டிக் கேட்கப் பழக்கினால் பேச்சு நின்றுபோகும் என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. படம் பேச்சைத் தடுப்பதில்லை. பல பிள்ளைகளுக்கு அதுவே முதல் வாசல்.

இவ்வளவையும் யாரிடம் கேட்கிறோம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2018-இல் உயர்த்திய பிறகு மத்திய அரசு கணக்கில் அங்கன்வாடி டீச்சருக்கு மாதம் 4,500 ரூபாய். மாநிலம் தன் பங்கைச் சேர்க்கிறது. அதற்குப் பெயர் சம்பளமல்ல, மதிப்பூதியம். பணிக்கொடைக்குக்கூட அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2022 ஏப்ரலில்தான் அந்த உரிமை உறுதியானது. எடை, உயரம், சத்துமாவு, தடுப்பூசி, கணக்கெடுப்பு, போனில் பதிவேற்றம் எல்லாம் முடித்துவிட்டுத்தான் பாய்க்கு வருகிறார்கள். ஆட்டிசத்துக்காக இன்னொரு ரெஜிஸ்டரை அவர்கள் தலையில் வைத்தால் அந்த ரெஜிஸ்டர் நிரம்பும், பிள்ளை ஜன்னலோரம்தான் நிற்கும். புதிய பயிற்சி வரும்போது ஏதாவது ஒரு பழைய சுமை இறங்க வேண்டும்.

பிள்ளை சேரும் முதல் நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தசரா ஊர்வலத்துக்கு முன்னால் பீரங்கிச் சத்தத்துக்கு யானைகளைப் படிப்படியாகப் பழக்குகிறோம். மிரளக்கூடாது, கூட்டத்தில் நிதானம் தவறக்கூடாது என்று அவ்வளவு முன்யோசனை. அந்தப் பொறுமை தெரிந்த ஊர், ஒரு சின்னப் பிள்ளையை முதல் நாள் காலையில் இருபது பேர் கத்தும் அறைக்குள் விட்டுவிட்டு, "அழுகிறான், பழகட்டும்" என்று சொல்லலாமா? சேர்வதற்கு முன் வாரத்தில் பிள்ளைகள் போன பிறகு காலி அறையைக் காட்டலாம். இரண்டாம் நாள் இரண்டு பிள்ளைகளோடு. டீச்சரின் போட்டோ ஒன்றை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். செலவில்லாத ஏற்பாடுகள் இவை. செய்யலாம் என்று யாராவது டீச்சரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

என் வேண்டுகோள் இதுதான். ஏறத்தாழ 25 அங்கன்வாடிகளுக்கு ஒரு மேற்பார்வையாளர் என்பது அங்கன்வாடித் திட்டத்தின் அளவு. இப்போது அவர் வருவது ரெஜிஸ்டர் பார்க்க. அவரையே பயிற்றுநராக மாற்றுவோம். டி. நரசிபுரத்தில் ஒரே ஒரு மேற்பார்வை வட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்பார்வையாளரும் ஆர்வமுள்ள இரண்டு டீச்சர்களும் முதலில் மானசகங்கோத்ரிக்கு வந்து, பிள்ளைகளோடு வேலை நடக்கும் வகுப்பில் உட்கார்ந்து கற்கட்டும். அதன்பின் ஆட்டிசம் உள்ள பிள்ளை இருக்கும் மையங்களுக்கு மாதம் இரண்டு தடவை மேற்பார்வையாளர் போகட்டும். பெற்றோரின் சம்மதத்தோடு ஐந்து நிமிடம் போனில் வீடியோ எடுத்து, பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் டீச்சரோடு உட்கார்ந்து பார்த்து, பிறகு அழித்துவிடட்டும். பேச்சுச் சிகிச்சை மாணவர்களும் பி.எட். மாணவர்களும் முறைவைத்து உடன் போகலாம். மொழிகள் நிறுவனத்தார் தமிழ், உருது வீட்டுச் சொற்களைப் படத்தோடு ஒரு சிறு அட்டையாகச் செய்து கொடுக்கலாம். ஓர் ஆண்டு கழித்து, இதே மேடையில் அந்த டீச்சர்கள் பேசட்டும். என்ன நடந்தது, எது நடக்கவில்லை என்று.

2023 ஜூனிலிருந்து இந்த மாநிலத்துப் பெண்களுக்கு அரசு பஸ்ஸில் சாதாரணப் பயணம் இலவசம். ஆகவே பயணச் செலவு பெரிதில்லை. வகுப்பை விட்டு வரும் நாள்களில் அந்த மையத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்குக் கூலி வேண்டும். அதற்கு இந்த அறக்கட்டளையின் ஓராண்டு வட்டியை ஒதுக்க முடியுமா என்று நிறுவனர் குடும்பத்தாரிடம் கூட்டம் தொடங்குமுன் கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். டி. நரசிபுரத்திலிருந்து வந்திருக்கும் டீச்சர்கள் போகுமுன் தங்கள் மையத்தின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.